கோலாலம்பூர் – திருச்சி: வானத்தில் 4 மணி நேரம், வீட்டிலிருந்து ஊருக்கு எத்தனை மணி நேரம்?

தஞ்சோங் காராங்: "நாலு மணி நேரம்தானே, பிளைட் ஏறினா போய்ச் சேர்ந்திடலாம்." தமிழ்நாட்டுப் பயணம் என்றதும் நம்மவர் வீடுகளில் முதலில் கேட்கும் வார்த்தை இதுதான். கோயில் சுற்றுலாவுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கில் சில மணி நேரம் பிசகினால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஆனால், ஊரில் ஒரு துக்கம் என்று விடியற்காலையில் தகவல் வரும்போது அந்தப் பிசகு ஆயுளுக்கும் மனத்தில் நின்றுவிடும்.

எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. என் தாத்தா கப்பலில் வந்தவர். அவருடைய தங்கை புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலேயே வாழ்ந்து, சில ஆண்டுகளுக்கு முன்பு காலமானார். காலை 6 மணிக்குத் தகவல் வந்தது. பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியவர் என் அப்பா. "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்திடுவோம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அன்று கிடைத்தது சென்னைக்குப் பிற்பகல் விமானம். ஊர் போய்ச் சேரும்போது இந்திய நேரம் அதிகாலை 2 மணி. 6 மணி வரை காத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். "ராத்திரி ஆகும்னு சொல்லியிருந்தா காலையில எடுத்திருப்போமே மச்சான்" என்று மாமா சொன்னார். அப்பாவிடம் பதில் இல்லை. கொண்டுபோன சேலையைப் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டோம்.

தகவல் வந்ததிலிருந்து ஊர் சேரும் வரை மொத்தம் 22 மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அதில் நாங்கள் விமானத்தில் இருந்தது ஏறக்குறைய 4 மணி நேரம் மட்டுமே. மீதி நேரம் எங்கே போனது என்பதை அன்று எங்களில் யாரும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரை வாசகர்களுக்காக எழுதி வைக்கிறது.

தூரம் எவ்வளவு?

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து (கேஎல்ஐஏ) திருச்சி விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். சென்னைக்கு ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். அதாவது வான்வழியில் சென்னைதான் நமக்கு 60 கிலோமீட்டர் பக்கம். தெற்கே இருப்பதால் திருச்சிதான் பக்கம் என்று பலர் நினைப்பதுண்டு. திருச்சி சென்னைக்குத் தெற்கே மட்டுமன்றிச் சற்று மேற்கேயும் இருப்பதால் தூரம் கூடுகிறது. ஆனால் 60 கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு ஐந்து நிமிட வித்தியாசம்கூட இல்லை. ஆகவே இரண்டு பயணமும் ஏறக்குறைய 4 மணி நேரம்தான்.

இணையத்தில் தேடுகிறவர்கள் ஒரே தூரத்துக்கு 2,690, 1,670, 1,450 என்று மூன்று எண்களைப் பார்த்துக் குழம்புவதுண்டு. மூன்றும் சரியானவையே. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். விமானத் துறையிலும் கப்பல் துறையிலும் பயன்படுவது கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இவை எல்லாம் பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டு இரண்டு இடங்களுக்கு இடையே அளக்கும் மிகக் குறுகிய தூரம். விமானங்கள் வரையறுக்கப்பட்ட வான்பாதைகளில் செல்வதாலும் மழைமேகங்களைச் சுற்றிப் போவதாலும் உண்மையில் பறக்கும் தூரம் சற்றுக் கூடும்.

எந்த வழியாகப் போகிறோம்?

கேஎல்ஐஏவிலிருந்து திருச்சிக்கு உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் வட முனையான ஆச்சே மாநிலத்தின் மேல் ஏறி, பிறகு வங்காள விரிகுடாவில் இறங்கும். அதன் பின் நெடுந்தூரத்துக்குக் கடல்தான். இலங்கையின் வட பகுதி இடப்பக்கம் விலகி நிற்க, வேதாரண்யம் பக்கத்தில் அந்த நூல் தமிழ்நாட்டுக் கரையைத் தொடும். அங்கிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில்தான் நாகப்பட்டினம். நம் தாத்தா பாட்டிகள் பலர் கப்பலேறிய துறைமுகம் அது.

4 மணி நேரம் என்றால் என்ன?

2,690 கிலோமீட்டரை 4 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 670 கிலோமீட்டர் வரும். ஆனால் இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல் செல்பவை. மீதி வேகம் எங்கே?

டிக்கெட்டில் அச்சிடும் நேரம் வானில் பறக்கும் நேரம் அல்ல. விமானம் வாயிலை விட்டு நகரும் நேரத்திலிருந்து, மறுமுனையில் வாயிலுக்கு வந்து நிற்கும் நேரம் வரை சேர்த்த கணக்கு அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, மெல்ல உயரம் ஏறுவது, இறங்கும்போது வேகத்தைக் குறைப்பது, தரையிறங்கிய பின் மீண்டும் ஊர்வது எல்லாம் அதில் அடங்கும்.

காற்றும் சில நிமிடங்களைக் கூட்டும், குறைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்று வீசும். அது போகும்போது உதவும், வரும்போது எதிர்க்கும். ஆகவே ஒரே வழித்தடத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் சற்று மாறுபடுவது இயல்பு.

இரண்டரை மணி நேரக் குழப்பம்

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த நாட்டு நேரத்திலும், சேரும் நேரம் சேரும் நாட்டு நேரத்திலும் இருக்கும். கோலாலம்பூரில் இரவு 9 மணிக்குப் புறப்பட்டு 4 மணி நேரம் பறந்தால், நமக்கு நள்ளிரவு 1 மணி. ஆனால் திருச்சியில் அப்போது இரவு 10.30தான். டிக்கெட்டைப் பார்ப்பவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டதுபோல் தோன்றும்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. திருச்சியில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டால், கேஎல்ஐஏவில் இறங்கும்போது காலை 6.30. பறந்தது 4 மணி நேரம், கடிகாரத்தில் ஓடியது ஆறரை மணி நேரம். காலையில் இறங்கி அன்றே வேலைக்குப் போய்விடலாம் என்று விடுப்புக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் சிலர் "ரெண்டு மணி நேர வித்தியாசம்தான்" என்று இன்றும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது ஒரு காலத்தில் சரி. 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30க்கு மேற்கு மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு 12 மணி ஆக்கப்பட்டன. சபா, சரவாக் நேரத்தோடு நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றம் அது. அதற்கு முன்பு வித்தியாசம் 2 மணி நேரமாகத்தான் இருந்தது.

தஞ்சோங் காராங்கிலிருந்து கேஎல்ஐஏ

பயணத்தின் முதல் கட்டம் நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. தஞ்சோங் காராங் பட்டணத்திலிருந்து கேஎல்ஐஏவுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 110 முதல் 120 கிலோமீட்டர். கோலசிலாங்கூர் தாண்டி, அசாம் ஜாவாவில் லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்து, குத்ரி காரிடோர் வழியாக ஷா ஆலாம் போய், எலிட் நெடுஞ்சாலையில் சிப்பாங்கை அடைவது ஒரு வழி. ஜெராம், காப்பார், கிள்ளான் வழியாகப் போவது இன்னொரு வழி. சாலை காலியாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். வேலைக்குப் போகும் நேரத்திலும் பெருநாள் காலத்திலும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்துக்கொள்வதே நல்லது. தோட்டத்துக்குள் இருந்து வருகிறவர்கள் மண்சாலைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும்.

சொந்தக் கார் இல்லாதவர்கள் கேஎல் சென்ட்ரல் வரை போய்விட்டால் அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம்.

எந்த முனையம் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே டிக்கெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர் ஆசியா விமானங்கள் இரண்டாம் முனையத்தில், அதாவது நாம் கேஎல்ஐஏ 2 என்று சொல்லிப் பழகிய கட்டடத்தில். மலேசியா ஏர்லைன்சும் பாத்தேக் ஏரும் முதல் முனையத்தில். தவறான முனையத்தில் இறங்கி, பெட்டிகளோடு ரயிலுக்கு ஓடி, அங்கே வரிசையில் நிற்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும்.

அனைத்துலகப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பது பாதுகாப்பு. பொதுவாகப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி போடும் முகப்பை மூடிவிடுவார்கள். அதன் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள்.

திருச்சியா, சென்னையா?

இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுதான். எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதை விமானத் தூரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. இறங்கிய பின் போக வேண்டிய சாலைத் தூரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து புதுக்கோட்டைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர், தஞ்சாவூருக்கு 60, பெரம்பலூருக்கு 65, நாமக்கல்லுக்கும் காரைக்குடிக்கும் 90, மதுரைக்கு 135, சேலத்துக்கு 145 கிலோமீட்டர். இதே ஊர்களுக்குச் சென்னையிலிருந்து போவதென்றால் பெரும்பாலும் 300 கிலோமீட்டருக்கு மேல்.

வேலூர், ஆரணி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலைப் பக்கத்தைச் சேர்ந்தவர்களுக்குச் சென்னைதான் சரி. விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அவர்கள் எந்த விமானம் முதலில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம்.

தஞ்சோங் காராங் வீட்டிலிருந்து புதுக்கோட்டை அருகே ஒரு கிராமம் வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திருச்சி வழியாக: வீட்டிலிருந்து கேஎல்ஐஏ 2 மணி நேரம். நிலையத்தில் 3 மணி நேரம். விமானம் 4 மணி நேரம். குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது 1 மணி நேரம். காரில் கிராமம் வரை 2 மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம்.

சென்னை வழியாக: வீட்டிலிருந்து கேஎல்ஐஏ 2 மணி நேரம். நிலையத்தில் 3 மணி நேரம். விமானம் 4 மணி நேரம். குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுப்பது ஒன்றரை மணி நேரம். காரில் கிராமம் வரை ஏழரை மணி நேரம். மொத்தம் 18 மணி நேரம்.

வானில் 60 கிலோமீட்டர் பக்கமாக இருக்கும் சென்னை, தரையில் 6 மணி நேரம் தள்ளிப் போய்விடுகிறது. இவ்வளவும் டிக்கெட் கையில் இருக்கிறது, விசா இருக்கிறது, விமானம் தாமதமில்லை என்ற நிலையில் மட்டும்.

2008ஆம் ஆண்டு இறுதியில் ஏர் ஆசியா கோலாலம்பூர் – திருச்சி நேரடிச் சேவையைத் தொடங்கியபோது மத்திய, தென் மாவட்டங்களில் வேர் கொண்ட நம் குடும்பங்கள் மகிழ்ந்ததற்குக் காரணமும் இந்த 6 மணி நேரம்தான். திருச்சியில் புதிய முனையம் 2024 ஜனவரி 2ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது.

நேரடி விமானம் கிடைக்காவிட்டால்

கொழும்பு வழியாகவும் திருச்சிக்குப் போகலாம். கோலாலம்பூர் – கொழும்பு ஏறக்குறைய 2,470 கிலோமீட்டர், கொழும்பு – திருச்சி ஏறக்குறைய 420 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 2,890. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம். தூரத்தை மட்டும் பார்த்தால் இதில் நட்டமே இல்லை. ஆனால் கொழும்பில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியாகவும் இருக்கலாம், பத்து மணியாகவும் இருக்கலாம். மாற்று விமானப் பயணங்களில் தூரத்தைப் பார்க்காமல், டிக்கெட்டில் "மொத்தப் பயண நேரம்" என்று காட்டும் எண்ணை மட்டும் பாருங்கள். இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுப்பதும் அவசியம். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது டிக்கெட் வீணாகிவிடும்.

கப்பல் காலத்தில்

இந்த 12 மணி நேரத்தை நீண்ட நேரம் என்று சொல்லும்போது பழைய கணக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனப் பல்லாண்டுகள் ஓடியது. இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம். கப்பலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு வாரம் கடலில். கப்பல் தினமும் கிடையாது. 1973இல் ரஜூலா ஓய்வு பெற்றது. அதன் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985இல் தீ மூண்டு உயிர்ப்பலி ஏற்பட்டது. அத்தோடு அந்தக் கடல்வழிப் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் ஊரில் ஒருவர் இறந்தால் இங்கிருந்து முகம் பார்க்கப் போவது என்ற பேச்சே இல்லை. தகவல் வந்த பிறகு இங்கேயே தலைமுழுகிவிட்டு, படையல் போடுவதோடு முடிந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்வதே அரிது. இன்று முகம் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மிகக் குறுகிய வாய்ப்பு. அதனால்தான் கணக்குச் சரியாக இருக்க வேண்டும்.

அவசரம் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

ஊரில் வயதான உறவுகள் உள்ள குடும்பங்கள் கீழ்க்காணும் ஏற்பாடுகளை இப்போதே செய்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது கடப்பிதழ். இந்தியா செல்ல, போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். வீட்டில் யாராவது ஒருவருக்காவது எப்போதும் தயாராக இருக்கட்டும்.

இரண்டாவது விசா. அவசரப் பயணத்தில் மிக நீண்ட காத்திருப்பு இதுவாகத்தான் இருக்கும். மின்விசாவுக்குப் பயண நாளுக்குக் குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்கச் சொல்கிறது இந்திய அரசாங்கம். துக்க வீட்டில் 4 நாள் காத்திருக்க மாட்டார்கள். சுற்றுலா மின்விசாவில் 30 நாள், ஓராண்டு, 5 ஆண்டு என்று மூன்று வகை உண்டு. ஊர்த் தொடர்பு விடாத குடும்பங்கள் 5 ஆண்டு விசாவை எடுத்து வைத்திருப்பது நல்லது. வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்போருக்கு விசா தேவையில்லை. விண்ணப்பிக்கும்போது அது இந்திய அரசாங்கத்தின் அதிகாரப்பூர்வத் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோலத் தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்கும் தரகர் தளங்கள் பல உண்டு. புதிய கடப்பிதழ் எடுத்திருந்தால் பழைய கடப்பிதழ் எண்ணில் பெற்ற விசா பற்றியும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

மூன்றாவது, ஊரில் ஒரு கார்க்காரரின் தொலைபேசி எண். நள்ளிரவில் இறங்கிப் பேருந்து தேடினால் இரண்டு மணி நேரம் கூடும். பெயர்ப் பலகையோடு வாசலில் ஒருவர் நின்றால் அந்த நேரம் மிச்சம்.

நான்காவது, கைப்பையோடு மட்டும் போவது. பெட்டி போடாவிட்டால் அங்கே பெட்டிக்காக நிற்கும் நேரமும் இல்லை.

ஐந்தாவது, டிக்கெட் எடுக்கும்போது குறியீட்டைச் சரிபார்ப்பது. திருச்சிக்கு டிஆர்இசட், சென்னைக்கு எம்ஏஏ, கோலாலம்பூருக்கு கேயூஎல். பதற்றத்தில் ஊரை மாற்றி எடுத்துவிடுவது எளிது.

"எப்ப வருவீங்க?"

இத்தனைக்கும் பிறகு மிக முக்கியமானது, ஊரிலிருந்து கேட்கும் இந்த ஒரு கேள்விக்கு நாம் சொல்லும் பதில். அங்கே இருப்பவர்கள் நாம் சொல்லும் நேரத்தை நம்பித்தான் குளிர்பெட்டிக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். விமான நேரத்தைச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலில் கால் வைக்கும் நேரத்தை, இந்திய நேரத்தில், ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள். அன்றே முடியாது என்றால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காலை வரை வைத்திருப்பதா, எடுத்துவிட்டு நாம் காரியத்துக்கு வருவதா என்பதை அவர்கள் முடிவு செய்ய அது உதவும்.

டிக்கெட் உறுதியாகும் வரை எந்த நேரமும் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான். "டிக்கெட் போட்டதும் சொல்றேன்" என்று அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்தில் மூன்று வரி: திருச்சி 12 மணி நேரம். சென்னை 18 மணி நேரம். இந்திய நேரத்தில் சொல்லணும்.